நாற்பத்து மூன்று அடி

என் இடது கையில் ஆள்காட்டி விரல் தொடங்கும் இடம் மட்டும் சற்றுத் தடித்திருக்கும். சாஃப்ட்பாலில் கேட்சராக உட்கார்ந்த எவரைக் கேட்டாலும் அந்த இடத்தைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். பந்து கிளவுஸின் வலைக்குள் விழுந்தால் கைக்கு ஒன்றும் ஆகாது. வேகமான பிட்சர் வாய்த்துவிட்டால் பந்து வலைக்கு வராது. கடைசி நேரத்தில் இறங்கியோ விலகியோ நேராக அந்தக் கணுவில் வந்து அறையும். 2004 முதல் 2007 வரை கல்லூரி டீமில் என் தோழி வீசினாள், நான் வாங்கினேன். அவளுடைய ஆட்டத்துக்கு இன்று மிச்சமிருக்கும் ஒரே பதிவேடு இந்தத் தடிப்புதான் என்றால் மிகை என்பீர்கள். முழுக்கச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களே பாருங்கள்.

பெயரைப் போடக் கூடாது என்பது அவள் விதித்த ஒரே நிபந்தனை. "ஆபீஸ்ல படிச்சுட்டு ஓட்டித் தள்ளிடுவாங்கடீ" என்றாள். கல்லூரிப் பெயரும் வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். அதைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடிக்க ஒரு போன் போதும். 2021-இல் எங்கள் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் யார் வீட்டுப் பெண் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிற ஊர்தான் இன்னமும்.

நாங்கள் முதலாண்டு சேர்ந்த 2004-இல்தான் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயிலுக்கு விடை கொடுத்தார்கள். 1931-இலிருந்து ஓடிய வண்டி. குரோம்பேட்டையிலிருந்து வந்துகொண்டிருந்த எனக்கு அகலப் பாதை ரயிலின் படிக்கட்டு உயரம் பழகுவதற்குள் முதல் பருவத் தேர்வு வந்துவிட்டது. அவள் இரும்புலியூரிலிருந்து வருவாள். அப்பா நாகல்கேணித் தோல் பதனிடும் ஆலையில், அம்மா சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் துணி தைக்கும் கம்பெனியில். இரண்டு பேரும் ஷிப்டு பார்க்கிற வீடு என்பதால் அவள் மாலையில் எத்தனை மணிக்குத் திரும்புகிறாள் என்று பார்க்க ஆளில்லை. எங்கள் டீமுக்கு அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் எதுவும் வாய்க்கவில்லை.

நோட்டீஸ் போர்டில் பி.டி. மேடம் ஒரு தாள் ஒட்டியிருந்தார். சாஃப்ட்பால் டீமுக்கு ஆள் தேவை, முன் அனுபவம் வேண்டாம், பிராக்டிஸ் முடிந்ததும் முட்டையும் வாழைப்பழமும் உண்டு, மேட்ச் நாட்களில் ஓ.டி. கிடைக்கும். அந்த ஓ.டி.க்காகத்தான் பாதிப் பேர் பெயர் கொடுத்தோம். வகுப்புக்கு வராமலே வருகைப் பதிவு என்றால் யார் விடுவார்கள்? முன் அனுபவம் என்பதற்கு வழியே இல்லை. எங்கள் பள்ளிகளில் பெண்களுக்கு த்ரோபால், கோகோ, டென்னிகாய்ட், கொஞ்சம் அதிர்ஷ்டமிருந்தால் பூப்பந்து. அவள் டென்னிகாய்ட்டிலிருந்து வந்தவள். அந்த ரப்பர் வளையத்தைத் தோளுக்குக் கீழே வைத்து, மணிக்கட்டை வெட்டி அனுப்ப வேண்டும். அவள் அனுப்பினால் வளையம் ஆடாமல் சுழன்றபடி போய் எதிர்க்கட்டத்தின் மூலையில் சொல்லிவைத்த மாதிரி இறங்கும். மேடம் ஒரே ஒரு தடவை பார்த்தார். பந்தை அவள் கையில் கொடுத்தார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பிட்சர் ஒரு வட்டத்துக்குள், இரண்டடி நீள ரப்பர் பட்டையில் கால் வைத்து நிற்பாள். அங்கிருந்து 43 அடி தள்ளி, கணக்காகச் சொன்னால் 13.11 மீட்டரில், ஹோம் பிளேட். பந்தைக் கீழ்க்கையாகத்தான் வீச வேண்டும், தரையில் குத்தக் கூடாது. அக்குளுக்கும் முழங்காலுக்கும் நடுவில் மூன்று நல்ல பந்துகளை மட்டைக்காரி தவறவிட்டால் அவுட். பிட்சர் நான்கு தடவை அந்த எல்லைக்கு வெளியே போட்டால் மட்டைக்காரி சும்மாவே முதல் பேஸுக்கு நடந்துவிடுவாள். மூன்று அவுட்டுக்கு ஒரு தடவை பக்கம் மாறும், மொத்தம் ஏழு இன்னிங்ஸ். மற்றதெல்லாம் பார்த்தால் புரியும்.

பார்த்தால் புரியும் என்பது எளிதாகச் சொல்லிவிடக்கூடியது. பார்க்க எங்களுக்கு எது இருந்தது? யூடியூப் அப்போது தொடங்கவேயில்லை. மேடமிடம் ஒரு புத்தகத்தின் ஜெராக்ஸ் இருந்தது. அதில் வரிசையாகச் சில படங்கள்: ஒரு வெள்ளைக்காரப் பெண் இரு கைகளையும் சேர்த்து நிற்கிறாள், அடுத்ததில் கை முன்னால், அடுத்ததில் தலைக்கு மேல், அடுத்ததில் பந்து கையை விட்டுப் போய்விட்டது. காற்றாலை மாதிரிக் கையை முழு வட்டம் சுற்றி வீசுவதால் இதற்கு விண்ட்மில் என்று பெயர். ஜெராக்ஸில் மை பரவி, அந்தப் பெண்ணின் இடுப்புக்குக் கீழே கறுப்புத் திட்டு மட்டும்தான் தெரியும். மூன்றாம் படத்துக்கும் நான்காம் படத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆட்டத்தின் சூட்சுமம் முழுக்க அந்த நடுவில்தான் இருந்தது.

அதை அவளாகவே கண்டுபிடித்தாள். முதலில் பந்து பின்னால் போனது. பக்கவாட்டில் போய் பி.காம். வகுப்பறை ஜன்னல் கம்பியில் அடித்தது. நேராக மேலே போய் அவள் தலையிலேயே விழுந்ததும் உண்டு. ஒரு மாலை, வட்டம் சுற்றி இறங்கிய முன்கை அவளுடைய இடுப்பெலும்பின் ஓரத்தை லேசாக உரசிவிட்டது. உரசிய கணத்தில் மணிக்கட்டு தானாகச் சொடுக்கியது. பந்து என் கையில் விழுந்த சத்தம் வேறாக இருந்தது. "இப்ப என்னடீ பண்ணே?" என்று கத்தினேன். "தெரியலடீ, இடுப்புல பட்டுச்சு" என்றாள். பிறகு அதை வேண்டுமென்றே செய்யப் பழகினாள். வலது சுடிதார் ஓரம் மட்டும் சீக்கிரம் நைந்துபோக, அவள் அம்மா மெப்ஸிலிருந்து கொண்டுவந்த துண்டுத் துணியை உள்பக்கமாக வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். பின்கால் தரையை விட்டு எழும்பாமல் இழுத்துக்கொண்டே வர வேண்டும் என்பதையும் அப்படித்தான் பிடித்தாள். எழும்பிக் குதித்தால் அப்போதெல்லாம் அம்பயர் தப்பு சொல்வார். எங்கள் மைதானம் சரளை கலந்த செம்மண். பழைய டயரை வெட்டி ஆணியடித்ததுதான் பிட்சர் பட்டை. அவளுடைய கான்வாஸ் ஷூவில் வலது கால் பெருவிரல் முனை கிழிந்துகொண்டே இருக்கும். பல வருடம் கழித்து, பெரிய பிட்சர்களை மெதுவாக ஓட்டிக் காட்டும் வீடியோக்களைப் பார்த்தேன். இடுப்பு உரசலும் இருந்தது, இழுத்துவரும் காலும் இருந்தது. அங்கே அதைப் பத்து வயதிலேயே தனிப் பயிற்சியாளர் வைத்துக் கற்றுத் தருகிறார்கள்.

ஒரு நாள் பந்தை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். அவள் அப்பா அதை வாங்கி, கட்டைவிரலால் அழுத்தி, தையலில் நகத்தை ஓட்டி, மூக்கருகே வைத்துப் பார்த்திருக்கிறார். "இது குரோம் தோல் இல்ல. படிகாரம் போட்டுப் பதனிட்டது, அதான் வெள்ளை" என்றாராம். மகள் என்ன விளையாடுகிறாள் என்று அதுவரை கேட்காத மனிதர். பேட்டை முழுக்கத் தோல் மணக்க வளர்ந்தவருக்குப் பந்து வழியாகத்தான் ஆட்டம் பிடிபட்டது. குரோம்பேட்டையின் பெயரே, போன நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் அங்கே நடத்திய குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதானே. மழையில் நனைந்த பந்தை வெயிலில் வைக்காதே, நிழலில் உலர்த்து, துளி எண்ணெய் தொட்டுத் துடை என்று சொல்லி அனுப்பினார். எங்கள் டீமின் பந்துகள் மற்றக் கல்லூரிப் பந்துகளைவிட ஒரு பருவம் கூடுதலாக உழைத்தன. அந்தப் பெருமை நாகல்கேணிக்கே சேரும்.

இரண்டாம் ஆண்டில் அவளிடம் மூன்று பந்துகள் இருந்தன. நேர் வேகம். டிராப், அதாவது பிளேட்டுக்கு வரும்போது காலடியில் இறங்குவது. அப்புறம் ஸ்லோ. கை அதே வேகத்தில் சுற்றும், பந்து மட்டும் சோம்பேறியாக வரும். மட்டைக்காரி பந்து வருவதற்கு முன்பே சுழற்றிவிட்டுத் திருதிருவென்று நிற்பாள். மேலெழும்புகிற ரைஸ் பந்து மட்டும் அவளுக்குக் கடைசி வரை முழுதாக வசப்படவில்லை. அந்தப் பந்து நிஜத்தில் எழும்புவதில்லை. பின்சுழற்சியால், இறங்க வேண்டிய அளவு இறங்காமல் வருகிறது, அதைக் கண் எழும்புவதாக எடுத்துக்கொள்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் வீசினால் 43 அடியைப் பந்து அரை விநாடிக்கும் குறைவாகக் கடந்துவிடும். அவள் அவ்வளவு வேகம் வீசினாளா? அளக்க எங்களிடம் கருவி ஏது? கையைத்தான் கேட்க வேண்டும். கை ஆமாம் என்கிறது, கைக்கு நட்பும் உண்டு.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக்குப் போன நாட்கள் எனக்கு இன்னும் கனவில் வருகின்றன. 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரி அது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் அவரே. சாஃப்ட்பாலுக்கும் ஒய்.எம்.சி.ஏ.வுக்கும் தொடர்பு உண்டு. 1887-இல் சிகாகோவில் ஒரு படகுச் சங்கத்துக் கூடத்தில், குத்துச்சண்டைக் கையுறையைக் கயிற்றால் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையால் அடித்துத் தொடங்கியது இந்த ஆட்டம். நாற்பது வருடம் கண்ட கண்ட பெயரில் திரிந்த அதற்கு 1926-இல் இப்போதைய பெயரை முன்மொழிந்தவர் டென்வர் ஒய்.எம்.சி.ஏ. ஆள் ஒருவர். இந்தியாவில் 1961-இல் ஜோத்பூரில் சங்கம் அமைத்தார்கள். இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. அந்த மரநிழலில் புளிசாதப் பொட்டலம் பிரித்தோம், அவ்வளவுதான்.

ஒரு அரையிறுதி. கடைசி இன்னிங்ஸ், நாங்கள் ஒரு ரன் முன்னால். மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட். மட்டைக்காரி நல்ல உயரம், தோள்பட்டை பார்த்தால் ஷாட்புட் போடுகிறவள் என்று தெரியும். எண்ணிக்கை மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். இன்னொரு பால் போனால் சமன். தொடைகளுக்கு நடுவில் விரல் நீட்டி டிராப் கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தாள். நேர் வேகம் கேட்டேன். அதற்கும் மறுப்பு. மிச்சமிருந்தது ஸ்லோ. அந்த நிலையில் ஸ்லோ போடுவது சுத்தப் பைத்தியக்காரத்தனம்; சற்றுப் பிசகினாலும் பந்து சைதாப்பேட்டைக்குப் போய்விடும். மேடம் எல்லைக்கோட்டில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பது முகமூடிக் கம்பி வழியே தெரிந்தது. நான் மூன்று விரல் காட்டினேன். அவள் இரு கைகளையும் சேர்த்தாள். கை சுற்றியது, முன்கை இடுப்பை உரசியது, மணிக்கட்டு மட்டும் சொடுக்கவில்லை. மட்டை சுழன்று முடிந்து, அந்தப் பெண்ணின் தோள் முழுக்கத் திரும்பிய பிறகு பந்து என் கிளவுஸுக்குள் வந்து உட்கார்ந்தது. அம்பயர் சொல்வதற்கு முன்பே எங்கள் பெண்கள் மைதானத்துக்குள் ஓடிவந்துவிட்டார்கள். அவள் என்னிடம் வந்து, "தண்ணி பாட்டில் எங்கடீ வச்சே?" என்று கேட்டாள்.

இறுதிப் போட்டியில் தோற்றோம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் யாரும் அடிக்கவில்லை.

அதற்கு முன்பே, 2005 ஜூலையில், சிங்கப்பூரில் கூடிய ஒலிம்பிக் குழு பேஸ்பாலையும் சாஃப்ட்பாலையும் 2012 முதல் நீக்கிவிட வாக்களித்திருந்தது. சாஃப்ட்பாலுக்கு 52 பேர் ஆதரவு, 52 பேர் எதிர்ப்பு, ஒருவர் வாக்களிக்கவில்லை. பாதிக்கு மேல் கிடைக்காததால் போயிற்று. மேடம் அந்தச் செய்தித் துண்டைக் கத்தரித்துக் காட்டினார். "நாம என்ன மேடம் ஒலிம்பிக்கா போகப்போறோம்?" என்று சிரித்தோம். மேடம் சிரிக்கவில்லை. ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டத்துக்கு மானியம் சுருங்கும், மானியம் சுருங்கினால் டீம் சுருங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் மோனிகா ஆபட்டைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அவர் பெயர் தெரிந்தது பின்னால்தான். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் ஆறடிக்கு மேல் உயரமான இடது கைப் பிட்சர். அவருடைய கல்லூரிக் காலமும் 2004 முதல் 2007 வரை. அவள் இரும்புலியூரிலிருந்து வந்துகொண்டிருந்த அதே பருவங்கள். ஆபட் 189 ஆட்டங்கள் வென்றார், 2,440 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். 2007 ஜூனில் கல்லூரிகளின் உலகத் தொடர் இறுதியில் அரிசோனாவிடம் தோற்றார்; அரிசோனாவின் டாரின் மோவாட் அந்தத் தொடரில் மட்டும் 1,035 பந்துகள் வீசினார். எனக்குப் பொறாமை அந்த வெற்றிகளின் மீதல்ல. 1,035 என்று எண்ணியிருக்கிறார்களே, அதன் மீது. ஒவ்வொரு பந்துக்கும் ஒருவர் உட்கார்ந்து கோடு போட்டிருக்கிறார். எங்கள் ஸ்கோர் புத்தகம் நாற்பது பக்க நோட்டு. மேடம் ஓய்வு பெற்றதும், அலமாரியைக் காலி செய்தவர்கள் அதைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டார்கள். அவள் எத்தனை பேரை அவுட்டாக்கினாள்? ஊகமாகக்கூடச் சொல்ல முடியாது.

வேறொரு ஒப்பீடும் மனதில் ஓடும். அதே வருடங்களில், எங்களுக்குத் தென்கிழக்கே காலவாக்கம் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியில் ஐ.டி. படித்துக்கொண்டிருந்தவர் அஸ்வின். மேற்கு மாம்பலத்துத் தெருவில் டென்னிஸ் பந்து வீசி வளர்ந்தவர், விரலால் சொடுக்கி அனுப்பும் பந்தில் பேர் வாங்கியவர். 2024 டிசம்பரில் ஓய்வை அறிவித்தபோது டெஸ்டில் 537 விக்கெட். மணிக்கட்டும் விரலும் வைத்துப் பிழைக்கிற வித்தைதான் இரண்டும். ஒன்றுக்குத் தெருவிலிருந்து படி வைத்திருந்தார்கள். மற்றதற்கு மூன்று வருடத்தோடு சுவர். இதில் அஸ்வின் மேல் எந்த வருத்தமும் இல்லை. அவர் பந்து வீசிய நாட்களில் இவள் டி.வி.க்கு முன்னால் நின்றுகொண்டேதான் பார்ப்பாள்.

பல்கலைக்கழக அணியில் அவளுக்கு இடம் கிடைத்தது. கன்செஷன் படிவத்தில் ரயில் டிக்கெட், வடக்கே குளிரில் ஒரு மைதானம், பஞ்சாப் பெண்களின் அடி. காலிறுதிக்கு முன்பே திரும்பினார்கள். அந்தப் பயணத்தில் கிடைத்தது ஃபார்ம் 3. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்களுக்கு மத்திய அரசு வேலைக்காகக் கொடுக்கும் சான்றிதழ் அது. நாட்டுக்கு ஆடினால் ஃபார்ம் 1, மாநிலத்துக்கு ஆடினால் ஃபார்ம் 2. இவ்வளவு வீசியதற்கு நல்ல தாளில் ஒரு கையெழுத்து.

எப்போது முடிந்தது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. கடைசி ஆட்டத்தின்போது அது கடைசி ஆட்டம் என்று யாரும் சொல்லவில்லை. இறுதித் தேர்வுக்கு நோ டியூஸ் வாங்கப் போனோம். லைப்ரரி, லேப், ஹாஸ்டல் என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் ஸ்போர்ட்ஸ் ரூம். ஸ்டோர் கீப்பர் அண்ணன் பதிவேட்டைத் திறந்து, "கிளவுஸ் ஒண்ணு, ஹெல்மெட் ஒண்ணு, லெக் கார்டு ஒரு ஜோடி" என்று என் பெயருக்கு எதிரே படித்தார். அவள் பெயருக்கு எதிரே கிளவுஸ் ஒன்று மட்டும். மூன்று வருடம் அவள் வியர்வை குடித்து, கை வடிவமே ஆகிவிட்ட கிளவுஸ். கட்டைவிரல் பக்கம் அறுந்த வாரை அவள் அப்பா தைத்துக் கொடுத்திருந்தார். அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்து, "இது நம்ம தையல் இல்லையே" என்றார். பிறகு டிக் அடித்து, உள்ளே ஒரு கோணி மூட்டையில் போட்டார். இருவரும் கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்தால் கையில் ஒன்றுமே இல்லை. சொந்தமாக ஒரு பந்துகூட இல்லை. ஒரு பந்தை ஒளித்து எடுத்து வந்திருக்கலாம், மேடம் கேட்டிருக்க மாட்டார். அந்தப் புத்தி அப்போது வரவில்லை. ரயில் நிலையத்தில் கரும்புச் சாறு குடித்துவிட்டு அவரவர் வழியில் போனோம்.

மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் சாஃப்ட்பாலும் உண்டு, டென்னிகாய்ட்டும் உண்டு. ஃபார்ம் 3 அவளுக்கு ஒரு கிளார்க் வேலை வாங்கிக் கொடுத்தது. நன்றி கெட்டுப் பேசக் கூடாது. அந்தச் சம்பளத்தில்தான் தம்பி படித்தான், முடிச்சூரில் வீடு வந்தது. அலுவலகத்தில் சாஃப்ட்பால் டீம் கிடையாது. விளையாட்டு விழாவில் அவளைக் கேரம் போர்டில் உட்காரவைத்தார்கள். "ஸ்ட்ரைக்கர் நல்லா வருது மேடம் உங்களுக்கு" என்று பரிசாக ஒரு டிபன் கேரியர் கொடுத்தார்கள்.

2015 டிசம்பரில் அடையாறு முடிச்சூருக்குள் வந்தபோது அவள் வீட்டுத் தரைத்தளத்தில் கழுத்தளவு தண்ணீர். வேலைச் சான்றிதழ்கள் மேலே பரணில் தப்பின. கோப்பைகள், டீம் போட்டோ, நந்தனத்தில் யாரோ எடுத்துக் கொடுத்த அவள் கை தலைக்கு மேல் நிற்கும் அந்த ஒரே படம் எல்லாம் அலமாரியின் கீழ்த்தட்டில். தண்ணீர் வடிந்ததும் போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்த இடத்தில் வெள்ளை. போன் செய்து சொன்னாள். பால் பாக்கெட் கிடைக்கிறதா என்றும் அதே மூச்சில் கேட்டாள்.

ஜப்பான் பிட்சர் யூகிகோ உவேனோவைப் பற்றி நான் படிப்பது அவளுக்காகத்தான். 2008 பெய்ஜிங்கில் ஆகஸ்ட் 20 அன்று அரையிறுதியில் அமெரிக்காவிடம் ஒன்பது இன்னிங்ஸ் ஆடித் தோல்வி. அதே நாளில், இறுதிக்குள் நுழைய மிச்சமிருந்த வாய்ப்பில், ஆஸ்திரேலியாவை எதிர்த்துப் பன்னிரண்டு இன்னிங்ஸ். ஒரே நாளில் 318 பந்து. மறுநாள் இறுதியில் அதே அமெரிக்காவை எதிர்த்து மேலும் 95, தங்கம். இரண்டு நாளில் 413. பிறகு ஆட்டமே ஒலிம்பிக்கில் இல்லாமல் போய், டோக்கியோவில் திரும்பியது. 2021 ஜூலை 27, யோகோகாமா, ஆளில்லாத அரங்கம். 39 வயது உவேனோ வீச, ஜப்பான் 2–0 என்று வென்றது. எதிர் அணியில் வீசியவர்களில் ஒருவர் மோனிகா ஆபட். நடுவில் இருந்த பதின்மூன்று வருடமும் உவேனோ எங்கே வீசிக்கொண்டிருந்தார்? கம்பெனி டீமில். பின்னாளில் பிக் கேமரா என்ற எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர்களின் அணியாக மாறியது அது. ஆபட்டும் ஜப்பானுக்குப் போய் டொயோட்டா அணியில்தான் பல வருடம் வீசினார். 2,440 பேரை வீழ்த்திய கைக்கும் கல்லூரிக்குப் பிறகு ஒரு கார் கம்பெனி தேவைப்பட்டிருக்கிறது. எங்கள் பக்கத்திலும் ரயில்வேயும் வங்கிகளும் கூடைப்பந்துக்கும் கைப்பந்துக்கும் பெண்களை வேலைக்கு எடுத்து டீம் வைத்திருந்தன. வேலையும் இருக்கும், ஆட்டமும் இருக்கும். இவளுக்கு வேலை மட்டும் இருந்தது. சாலையில் கார் தொழிற்சாலைகளைத் தாண்டும்போது எனக்கு இந்த நினைப்பு வந்துவிடும்: ஒரே ஒரு டீம் வைத்திருக்கக் கூடாதா? செலவு என்ன பெரிய செலவு, முட்டையும் வாழைப்பழமும்தானே.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் மறுபடி வருகிறது. ஆட்டங்கள் மட்டும் ஓக்லஹோமா நகரில். இதைச் சொல்லத்தான் போன மாதம் அவளைக் கூப்பிட்டேன். எங்கள் இருவருக்கும் இப்போது உவேனோவின் டோக்கியோ வயது.

"தெரியும், பார்த்தேன்" என்றாள். பிறகு சாவகாசமாக, "ஆன்லைன்ல ரெண்டு பந்து ஆர்டர் போட்டிருக்கேன். ஒரு கேட்சர் கிளவுஸும்."

"எனக்கா?"

"பின்ன, எங்க வீட்டுக்காரருக்கா?"

"எங்கடீ போடறது? நம்ம கிரவுண்டுலதான் கட்டடம் வந்துருச்சே."

"எங்க தம்பி அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங். டேப் வச்சு அளந்தேன். ஜெனரேட்டர் ரூம் சுவத்துல இருந்து எட்டாம் நம்பர் தூண் வரைக்கும் நாப்பத்தஞ்சடி வருது."

"சீலிங் இடிக்காது?"

"கையைச் சுத்திப் பார்த்துட்டேன். ஒரு ஜாண் இடம் இருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல பாதி வண்டி சர்ச்சுக்குப் போயிடும், எட்டு மணிக்கு வந்துடு. வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டேன்."

"எனக்கு முட்டி மடங்காதுடீ. குத்துக்கால் போட்டு உக்காந்தா எழுந்திரிக்க ரெண்டு ஆள் வேணும்."

"ஸ்டூல் கொண்டாறேன்" என்றாள். "ஆனா ஸ்லோ கேக்காத. முதல்ல வேகம் வருதான்னு பார்க்கணும்."